ஒளித்துவைக்க இடந்தராத வேலை

மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இலங்கை மின்சார சபை நிறுவிய அந்தப் பண்ணையில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. மொத்தம் 90 இறக்கைகள். டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்துடைய இந்த இறக்கை ஒவ்வொன்றும் 60 மீற்றருக்கும் மேல் நீளமானது. கண்ணாடி நார், காபன் நார், எப்பொக்சி ரெசின் ஆகியவற்றால் ஆன உடல், அதன்மேல் கை வைத்தால் வழுக்கும் பூச்சு. நல்ல காற்றில் இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீற்றரைத் தாண்டி ஓடும். அந்த வேகத்தில் மழைத்துளியும் மணலும் வந்து மோதி முன்விளிம்பு சொரசொரப்பானால் மின் உற்பத்தி குறையும். அதே தீவில், தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும், மணலில் இழுத்துவைத்த பைபர் படகுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவை கண்ணாடி நாரையும் பொலியெஸ்டர் ரெசினையும் சேர்த்துக் கையால் செய்தவை. நாரை அச்சில் விரித்து, ரெசினில் நனைத்து, இறுகவிட்டுக் கழற்றுவதுதான் இரண்டுக்கும் அடிப்படை வேலை. ஆனால் மேலே சுழல்வதில் இந்தக் கரையின் கை எதுவும் படவில்லை. கீழே கிடப்பது முழுக்க இந்த நாட்டுக் கைவேலை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க மன்னார் இளைஞர்களுக்கு ஏற்ற பயிற்சி, காபன் நாரில் வாகன உடற்பலகைகளைப் பழுதில்லாத மேற்பரப்போடு செய்யக் கற்பதே என்பது இக்கட்டுரையின் வாதம். மன்னாரில் கார்த் தொழிற்சாலை வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடலுக்குப் போகிறவரின் உயிரைத் தாங்கும் படகுகள் நேர்மையாகச் செய்யப்படவேண்டும் என்பதற்காகவே இதைக் கேட்கிறேன்.

முதலில் மேற்பரப்பு எங்கே உருவாகிறது என்பதைச் சொல்லவேண்டும். காரின் பொனட்டோ மட்கார்டோ பளபளவென்று இருப்பதைப் பார்க்கிறவர் அது கடைசியில் தேய்த்துப் பொலிஷ் போட்டதால் வந்தது என்று நினைப்பது இயல்பு. இரும்புத் தகட்டில் அது ஓரளவு உண்மையும்கூட. நார் வேலையில் அப்படியில்லை. பலகையின் வெளிமுகம் அச்சின் உள்முகத்தை அப்படியே பிரதியெடுக்கிறது. அச்சில் தலைமுடி அளவு கீறல் இருந்தால் அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு பலகையிலும் அந்தக் கீறல் இருக்கும். ஆகவே வேலையின் பெரும்பகுதி, பலகை என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மூல வடிவத்தைச் செய்து, அதை 400, 600, 800, 1200 என்று படிப்படியாக நுண்மையான சாண்ட்பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து அலை தெரிகிறதா என்று பார்த்து, பிறகு அச்செடுத்து, அச்சையும் தேய்த்து, மெழுகைப் பல தடவை பூசி ஒவ்வொரு தடவையும் துடைத்து மினுக்கவேண்டும். ஒரு நல்ல அச்சுக்கு வாரக்கணக்கில் உழைப்புப் போகும். அதிலிருந்து ஒரு பலகையை எடுக்க ஒரு நாள் போதும். இந்த வேலையில் பொறுமையைச் செலவழிக்கவேண்டிய இடம் தொடக்கம்தான். முடிவில் செலவழிக்கும் பொறுமை, தொடக்கத்தில் செய்யாமல் விட்டதற்குச் செலுத்தும் வட்டி.

பைபர் படகு செய்யும் இடங்களில் இந்த அறிவின் பாதி ஏற்கெனவே இருக்கிறது. அச்சுக்கு மெழுகு போடுவது, நிறம் கலந்த ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைப் பூசுவது, அது இறுகத் தொடங்கும் பதம் பார்த்துக் கண்ணாடி நார் மேட் விரிப்பது, ரெசினைத் தூரிகையால் நனைத்து இரும்பு உருளையால் காற்றை வெளியேற்றுவது, வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப ஹார்ட்னர் அளவைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் கைப்பழக்கமாக வந்துவிட்ட திறமைகள். இதை யாரும் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் அந்த முறையிலேயே ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் சேர்ந்திருக்கின்றன. நீலமோ சிவப்போ கலந்த ஜெல்கோட் ஒரு மூடி. அதற்குப் பின்னால் மேட் சரியாக நனைந்ததா, மூலைகளில் காற்றுக்குமிழ் தங்கியதா, மூன்று அடுக்கு விரிக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் விரித்தார்களா என்பது வெளியே தெரியாது. புதுப்படகு வெயிலில் மினுங்கும். பிறகு அதை ஒவ்வொரு நாளும் மணலில் இழுப்பார்கள். ஏராப் பக்கத்தில் ஜெல்கோட் தேயும். நனையாத நாரின் வழியே கடல்நீர் உள்ளே ஊறும். எங்கோ ஒரு நாள், அலை அணியத்தில் அறையும்போது, அச்சுக்குள் நடந்த குறை வெளியே வரும். அப்போது படகு கரையில் இருக்காது.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதியை அழித்தது, அல்லது சேதப்படுத்தியது. உதவிப்பணம் குவிந்தது, படகு கட்டும் இடங்கள் புதிது புதிதாக முளைத்தன, குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கான பைபர் படகுகள் வார்க்கப்பட்டுக் கரையெங்கும் கையளிக்கப்பட்டன. அவற்றில் பல கடலுக்குத் தகுதியற்றவை என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பே வெளிப்படையாகச் சொல்லி, படகு கட்டுவோருக்குப் பயிற்சியும் கையேடுகளும் கொடுக்க முன்வந்தது. மன்னார்க் கரையை அந்த அலை கிழக்கையும் தெற்கையும் போலத் தாக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாடம் எல்லாக் கரைக்கும் பொதுவானது. அந்தப் படகுகளை வாங்கியவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். பணம் கொடுத்த நிறுவனம் எண்ணிக்கையையும் நிறத்தையும் பார்த்தது. உள்ளே என்ன இருந்தது என்பதை அறியும் தேவை கடலுக்குப் போனவருக்குத்தான் இருந்தது. அவருக்கோ அதைக் கேட்கும் உரிமையும் இல்லை, பார்க்கும் வழியும் இல்லை. தரம் குறைந்ததற்குப் பேராசையை மட்டும் காரணம் சொல்லிப் பயனில்லை. குறையை மறைக்க இடங்கொடுத்த முறையும், அதைப் பார்க்கமுடியாத நிலையில் இருந்த பாவனையாளரும் சேர்ந்துதான் அந்தப் படகுகளை உண்டாக்கினார்கள்.

காபன் நாரில் செய்யும் வாகனப் பலகை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதன் அழகே நெசவு தெரிவதில் இருக்கிறது. சாய்கோட்டு நெசவில் வரும் கறுப்புத் துணியின் மேல் நிறமில்லாத, கண்ணாடி போன்ற ரெசின் அடுக்கு மட்டுமே இருக்கும். அதில் ஊசிமுனை அளவு துவாரம் இருந்தாலும் வெயிலில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். துணி விரிக்கும்போது ஓர் இழை வளைந்தால் கோடு கோணலாகத் தெரியும். மூலையில் துணி அச்சோடு ஒட்டாமல் பாலம் போட்டு நின்றால் அங்கே ரெசின் தேங்கிக் கட்டியாகத் தெரியும். புட்டி வைத்து மூடவோ நிறம் அடித்து மறைக்கவோ வழியில்லை. எனவே முதல் அடுக்கை விரிக்கும் கை முழுக் கவனத்தோடு இருக்கவேண்டும். அடுத்து வருவது வெற்றிடம். துணியின் மேல் பிளாஸ்ரிக் உறை போர்த்தி, ஓரங்களை ஒட்டி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சினால் வெளியில் இருக்கும் வளிமண்டலமே ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 10 தொன் என்ற அளவில் அதை அச்சோடு அழுத்தும். பிறகு குழாய் வழியே ரெசினை உள்ளே இழுக்கவிடுகிறார்கள். உறையில் ஒரு சிறு கசிவு இருந்தாலும் முழு வேலையும் போச்சு. ஆகவே ரெசின் கலப்பதற்கு முன் பம்பை நிறுத்திவிட்டு அழுத்தமானி அசைகிறதா என்று காத்திருந்து பார்க்கும் பழக்கம் கட்டாயமாகிறது. அப்படிக் காத்திருக்கப் பழகிய ஒருவர், பிறகு படகு அச்சின் முன் நின்றாலும் அவசரப்படமாட்டார்.

மன்னாரின் வெயில் இந்தப் பாடத்தை இன்னும் கடுமையாக்குகிறது. அறை வெப்பநிலையில் இறுகவிட்ட சாதாரண எப்பொக்சி ஏறத்தாழ 50, 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். நண்பகலில் தலைமன்னார் வீதியில் நிறுத்திய கறுப்பு நிற வாகனத்தின் பொனட் 70 பாகையைத் தாண்டுவது வழக்கமான செய்தி. பட்டறையில் கண்ணாடிபோல இருந்த பலகை அடுத்த வாரமே வெளியில் நெசவின் மேடுபள்ளத்தைக் காட்டத் தொடங்கும். இதன் காரணம் எளிமையானது. காபன் இழை அதன் நீளவாக்கில் வெப்பத்துக்கு ஏறத்தாழ நீளுவதே இல்லை. ரெசினோ நன்றாக விரிந்து சுருங்கும். இழைகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இருக்கும் சிறு குழிகளில் ரெசின் அதிகம். இளகிய நிலையில் அது மேலும் இறுகிச் சுருங்க, அந்தக் குழிகள் உள்வாங்கி நெசவின் முத்திரை மேலே எழும். பொலியெஸ்டரில் இது இன்னும் மோசம். அது இறுகும்போதே கொள்ளளவில் 7 அல்லது 8 வீதம் சுருங்கும், எப்பொக்சி அதைவிடக் கணிசமாகக் குறைவு. பரிகாரம் ஒன்றுதான். பலகையை அச்சிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, வெப்பத்தை மெல்ல மெல்லக் கூட்டி 80 பாகை வரை கொண்டுபோய் மணிக்கணக்கில் வைத்திருந்து, மெல்ல ஆறவிடவேண்டும். அந்த வெப்பத்தை அச்சும் தாங்கவேண்டும். அச்சும் பலகையும் ஒரே அளவில் விரியவேண்டும். அலுமினிய அச்சில் காபன் பலகையைச் சுடவைத்தால் அச்சு வளர, பலகை வளராது. ஆகவே காபன் பலகைக்கு நார் அச்சே பொருத்தம். இதற்கு விமானத் தொழிற்சாலையின் பெரிய அழுத்த அடுப்பு வேண்டியதில்லை. வெப்பம் கசியாத சுவர்கள் கொண்ட ஒரு பெட்டி அறை, மின் சூடாக்கிகள், உள்ளே காற்றைச் சுற்றவிடும் ஒரு விசிறி, நம்பகமான வெப்பமானிகள் இருந்தால் போதும்.

காற்றும் ஈரமும் உப்பும் வேறு இருக்கின்றன. சோழகமும் கச்சானும் வீசும் மாதங்களில் இந்தத் தீவில் மணல் நுழையாத இடமில்லை. மெழுகு பூசிய அச்சில் ஒரு பருக்கை ஒட்டினால் அது பலகையில் ஒரு குழி. மழை மாதங்களில் ஈரம் கூடும்போது எப்பொக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியும். அதைக் கழுவாமல் மேல்பூச்சு அடித்தால் சில மாதங்களில் உரிந்துவரும். காபன் மின்கடத்தும் பொருள். உப்புக்காற்றில் அலுமினியத்தோடு நேரடியாகப் பொருத்தினால் அலுமினியம் அரித்துப் போகும். இடையே ஒரு கண்ணாடி நார் அடுக்காவது வேண்டும். திறந்த கொட்டகையில் இந்த வேலை நடக்காது, மூடிய சுத்தமான அறை வேண்டும் என்பதைத்தான் இவை எல்லாம் சொல்கின்றன. அத்தகைய ஓர் அறை பைபர் படகுத் தொழிலுக்கும் இன்றுவரை கிடைக்காத வசதி என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

உலகில் இந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்பதைப் பார்த்தால் பெரிய இயந்திரம்தான் தொடக்கம் என்ற எண்ணம் நிற்காது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் 1953இல் கண்ணாடி நார் உடலோடு கொர்வெட் காரைக் கொண்டுவந்தபோது அந்த முதலாண்டில் செய்தவை 300 மட்டுமே; பெரும்பாலும் கைவேலை. 1981இல் மெக்லாரன் தன் எம்பி4/1 பந்தயக் காருக்குக் காபன் நாரில் அடிச்சட்ட உடல் செய்யவைத்தபோது மோட்டார்த் தொழிற்சாலை எதுவும் அதைச் செய்துகொடுக்கவில்லை. ஏவுகணை மோட்டார்களுக்கு நார் வேலை செய்துவந்த ஹெர்குலிஸ் என்ற அமெரிக்க நிறுவனம்தான் செய்தது. ஒரு துறையில் நாரோடு பழகிய கை இன்னொரு துறைக்குப் போனது. நம் நாட்டிலும் கொழும்பின் வேகா நிறுவனம் காபன் நார் உடலோடு ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கிக் காட்டியது. இலங்கைக் கைகளால் இது ஆகாது என்று இனி யாரும் சொல்லமுடியாது. எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக்கூடாது. 2013இல் பிஎம்டபிள்யூ ஐ3 வந்தபோது அதன் பயணிகள் கூடு காபன் நாரில் இருந்தது. ஆனால் வெளியே கண்ணில்படும் பக்கப் பலகைகளைச் சாதாரண பிளாஸ்ரிக்கில் வார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் செய்யும்போது பழுதில்லாத வெளிமுகத்தைக் காபனில் கொண்டுவருவது செலவும் சிரமமும் மிக்கது என்பதை அந்தத் தெரிவு காட்டுகிறது. அதனால்தான் பெருந்தொகை உற்பத்தியை மன்னார் கனவு காணக்கூடாது என்கிறேன். பத்தும் இருபதுமாகச் செய்யும் வேலையில்தான் கைத்திறனுக்கு இடமிருக்கிறது.

இதற்கு மிகக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. நல்ல படகு வேண்டுமானால் நல்ல படகு செய்வதையே நேரடியாகக் கற்றுக்கொடுத்தால் என்ன, காபனையும் காரையும் சுற்றி ஏன் போகவேண்டும்? நியாயமான கேள்வி. அந்த நேரடி வழியை உணவு விவசாய அமைப்பு ஏற்கெனவே முயன்றது. கையேடுகள் நன்றாகவே எழுதப்பட்டன. பயிற்சி முடிந்து பட்டறைக்குத் திரும்பியவரை மறுநாள் எதிர்கொண்டது, விலையையும் நிறத்தையும் மட்டும் பார்க்கும் சந்தை. ஓர் அடுக்கை மிச்சம் பிடித்தவர் மலிவாக விற்றார்; ஒழுங்காகச் செய்தவர் வாடிக்கையாளரை இழந்தார். கற்ற ஒழுங்கைக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை. வாகனப் பலகையை வாங்குகிறவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். ஒரு துவாரம் இருந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுப்பார். திருத்தம் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பலகையிலும் நடக்கும். மேற்பார்வையாளர் வந்து போகும் நாளில் மட்டும் ஒழுங்காக இருக்கும் பழக்கம் அங்கே செல்லாது. இப்படி இரண்டு ஆண்டுகள் வேலை செய்த ஒருவர் கண்ணாடி நாரைத் தொடும்போது பழைய பழக்கத்துக்குத் திரும்புவது கடினம்.

சுத்தமான வெளிமுகம் உள்ளேயிருக்கும் குறையைக் காட்டாதே என்று தொழில் தெரிந்தவர் கேட்பார். உண்மைதான். காபனிலும் கண்ணுக்குத் தெரிவது முதல் அடுக்கு மட்டுமே. பின்னால் உள்ள அடுக்குகளில் காற்றுத் தங்கலாம். அதனால் பலகையை எடைபோட்டு ரெசின் விகிதத்தைக் கணக்கிடவும், நாணயத்தால் இடம் இடமாகத் தட்டிச் சத்தம் மாறுகிறதா என்று கேட்கவும், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரித் துண்டை வெட்டி உள்ளே பார்க்கவும் பயிற்சியில் இடம் வேண்டும். இந்த மூன்றுக்கும் பெரிய கருவி தேவையில்லை. மூன்றையும் படகுக்கு அப்படியே கொண்டுபோகலாம். படகு வாங்கும் கடற்றொழிலாளர் சங்கங்கள் எடைச்சீட்டையும் மாதிரித் துண்டையும் கேட்டு வாங்கும் நிலை வந்தால், மேலே நான் சொன்ன சந்தையின் குறையே ஓரளவு தீரும்.

செலவைப் பற்றிச் சொல்லவேண்டும். காபன் துணி கண்ணாடி மேட்டைவிடப் பல மடங்கு விலை, முழுக்க இறக்குமதி. ஆனால் அளவைப் பாருங்கள். ஒன்றரைச் சதுர மீற்றர் பொனட் தோலுக்கு, சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையுள்ள துணியில் மூன்று அடுக்கு விரித்தால் ஒரு கிலோவுக்கும் குறைவான நார் போதும். ரெசினோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும். அதே பரப்பில் 0.7 மில்லிமீற்றர் இரும்புத் தகடு எட்டுக் கிலோவைத் தாண்டும். உள்சட்டத்தைச் சேர்த்தால் இரண்டின் எடையும் கூடும் என்றாலும் வித்தியாசம் மாறாது. பழகுநர் ஒருவர் கெடுத்துப்போடும் பலகை பட்டறையை மூழ்கடிக்காது, ஆனால் வலிக்கும். அந்த வலியும் பயிற்சியின் பகுதி. முதல் மாதங்களை மலிவான கண்ணாடித் துணியில் கழித்துவிட்டே காபனைத் தொடவேண்டும். சந்தை எங்கே என்றால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களை ஓடவைக்கப் பம்பரும் மட்கார்டும் பைபரில் வார்த்துக்கொடுத்த கராஜ்கள் நாடெங்கும் இருந்தன. புது வாகனம் எட்டாத விலையில் இருக்கும்வரை அந்தத் தேவை தொடரும். மின்சார ஓட்டோக்கள் பெருகினால், அவற்றின் கூரையிலும் முன்முகத்திலும் குறையும் ஒவ்வொரு கிலோவும் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்கு உதவும். அங்கே முழுக்கக் காபன் வேண்டாம். கண்ணாடி நாரில் செய்து அழுத்தம் விழும் இடங்களில் மட்டும் காபன் பட்டை வைத்தால் விலையும் தாங்கும்.

இரும்பை எந்தக் கராஜிலும் தட்டி நிமிர்த்தலாம், காபன் உடைந்தால் உடைந்ததுதான் என்பார்கள். பாடசாலை வானுக்கோ தனியார் பஸ்ஸுக்கோ காபன் பலகை போடச் சொல்லும் எண்ணம் எனக்கும் இல்லை. ஆனால் நார்ப் பலகையைப் பழுதுபார்க்கமுடியாது என்பது தவறு. உடைந்த இடத்தைச் சுற்றிப் படிப்படியாகச் சரிவாகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் அதன் திசையிலேயே மீண்டும் வைத்து, வெற்றிடத்தில் அழுத்தி, மேலே தேய்த்துச் சமன்செய்யும் முறை நன்கு நிலைபெற்றது. படகின் அடிப்பாகத்தையும் காற்றாலை இறக்கையின் அரித்த முன்விளிம்பையும் சரிசெய்யும் முறையும் அடிப்படையில் இதுவே. மன்னாரில் 90 இறக்கைகள் உப்புக்காற்றில் சுழலும்போது அவற்றைப் பார்த்துப் பழுதுநீக்கும் வேலை ஆண்டுக்காண்டு கூடுமே தவிரக் குறையாது. கயிற்றில் தொங்கி வேலை செய்யத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். நார் வேலை தெரிந்த ஒருவருக்கு அந்தப் படி பெரிதல்ல.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். காற்றாலைகள் பற்றிய மன்னார் மக்களின் எதிர்ப்பை வேலைவாய்ப்பு என்ற பெயரால் விலைபேச இந்த யோசனையை யாரும் பயன்படுத்தக்கூடாது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகள் அமைக்க முன்வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் மக்கள் தொடர்ந்து போராடினார்கள். வெள்ளநீர் வடியாமை, வலசைப் பறவைகள், மீன்வளம், நிலம் என்று அவர்கள் முன்வைத்த கேள்விகள் இன்னும் பதில் வேண்டி நிற்பவை. புதிதாக ஒரு கோபுரமும் எழாவிட்டாலும் இருக்கிற இறக்கைகளைப் பராமரித்தே ஆகவேண்டும்; அந்தக் கூலி இந்தக் கரையில் தங்கட்டும் என்பதே என் கோரிக்கை. இந்திய இழுவைப் படகுகள், எரிபொருள் விலை என்று கடற்றொழிலாளரை நெரிக்கும் பிரச்சினைகளுக்கும் இது மாற்று மருந்தல்ல. அவை தீரும்வரை படகின் தரம் காத்திருக்கவேண்டும் என்பதற்கும் நியாயமில்லை.

இந்தத் தொழிலின் கெடுதிகளை மென்று விழுங்கக்கூடாது. பொலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலைவலியைத் தரும், நாள்பட நரம்பைப் பாதிக்கும். ஹார்ட்னராகப் பயன்படும் பெரொக்சைட்டின் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். எப்பொக்சி தோலில் தொடர்ந்து பட்டால் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒவ்வாமை நிலைத்துவிடும். தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குப் பகை. காபன் தூள் மின்கடத்துவதால் மின்கருவிகளையும் கெடுக்கும். கையுறை, கண்ணாடி, வடிகட்டி முகமூடி, தூளை உறிஞ்சும் குழாய் ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் ஓர் இளைஞரையும் இந்த வேலைக்கு அனுப்பக்கூடாது. இன்று படகுக் கொட்டகைகளில் வெறுங்கையோடு இந்த இரசாயனங்களைக் கையாளும் தொழிலாளருக்கும் இதே பாதுகாப்பு முதல்முறையாகக் கிடைக்குமானால், அதுவே இந்தப் பட்டறைக்குப் போதுமான நியாயம். வெற்றிட முறையில் ரெசின் மூடிய உறைக்குள்ளேயே ஓடுவதால் ஆவியும் கணிசமாகக் குறையும். கழிவு இன்னும் தீராத சிக்கல். இறுகிய ரெசினை உருக்கி மீட்கமுடியாது. கரையோரம் கைவிடப்பட்ட பைபர் படகுகள் மக்காமல் கிடக்கின்றன, காற்றாலை இறக்கைகளும் ஒரு நாள் அந்த வரிசையில் சேரும். கெட்ட பலகைகளைக் குறைப்பதும் பழைய படகுகளைச் செப்பனிட்டு ஆயுளை நீட்டுவதும் சுமையைக் குறைக்கும், ஒழிக்காது.

தொடங்க வெறும் நிலத்தைத் தேட வேண்டியதில்லை. 1967இல் நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர், வடபகுதிக் கடற்றொழிலாளருக்குப் பைபர் படகு செய்துகொடுத்த நிறுவனம். யுத்தம் அந்தத் தொடர்ச்சியை அறுத்தது. இன்று சீநோர் கடற்றொழில் அமைச்சின் கீழுள்ள அரச நிறுவனம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் பக்கத்துப் பக்கத்தில் இயங்குகின்றன. வாகனத் தொழில்நுட்பம் ஏற்கெனவே அங்கே கற்பிக்கப்படுகிறது. இவை மூன்றும் சேர்ந்து பேசாலையிலோ மன்னார் நகரை அடுத்தோ ஒரு பொது அச்சுக்கூடத்தை அமைக்கலாம். மூடிய அறை, வெற்றிடப் பம்புகள், 80 பாகை அடுப்பு அறை, தூள் உறிஞ்சி, அச்சுகளை வைக்க ஒரு களஞ்சியம் ஆகியவை வேண்டும். பணம் முதலில் அச்சுக்குப் போகட்டும், கட்டடத்தின் முகப்புக்கு வேண்டாம். உரிமையைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் வைத்து, படகு கட்டுவோரும் கராஜ்காரரும் வாடகைக்குப் பயன்படுத்தலாம். பயிற்சி பெறுவோரில் பெண்கள் பாதியாவது இருக்கவேண்டும். துணி வெட்டுவதும் விரிப்பதும் தேய்ப்பதும் உடல்பலத்தைவிடக் கவனத்தைக் கேட்கும் வேலைகள், நடந்துபோகும் தூரத்தில் கூலி கிடைக்கும் வேலைகளும்கூட. இந்தக் கூடத்தில் பழகியவர் வார்க்கும் முதற்படகு கரைக்கு வரும்போது, அதன் எடையையும் அடுக்குகளின் எண்ணிக்கையையும் வார்த்த திகதியையும் பொறித்த தகடு ஒன்று அதன் உட்புறத்தில் பதிக்கப்படவேண்டும். ஏராவில் வெட்டியெடுத்த மாதிரித் துண்டு சங்கத்தின் அலுமாரியில் இருக்கவேண்டும். வாங்குகிறவர் கேட்டவுடன் அதை எடுத்துக் காட்டும் பொறுப்பு சங்கச் செயலாளருடையது.